அரை விரல் இறுக்கம்

“அறுபத்தெட்டு புள்ளி அஞ்சு,” என்றார் கோச்.

சத்தமாகச் சொல்லவில்லை. கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுத்தார், அவ்வளவுதான். ஆனாலும் குளத்தின் மறுகரையில், பெற்றோர் உட்காரும் பெஞ்சின் கடைசி ஓரத்தில் இருந்த தையற்காரிக்கு அது எட்டிவிட்டது. நான்கு மாதமாக அந்த உதடுகளையே பார்த்துப் பார்த்து, அவை எந்த எண்ணைச் சொல்கின்றன என்று தூரத்திலிருந்தே படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

காலை ஆறரை மணி. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தண்ணீரிலிருந்து ஏறி, பல் கிட்டிப்போக நடுங்கிக்கொண்டு துண்டுக்கு ஓடினார்கள். தையற்காரியின் மகள் மட்டும் சுவரைப் பிடித்தபடி தண்ணீரிலேயே நின்றாள். எத்தனை விநாடி என்று அவள் கேட்கவில்லை.

“உங்க பொண்ணு நல்லாத்தான் நீந்துறா,” என்றாள் பக்கத்தில் இருந்த பேங்க்காரம்மா. “என்னவோ ஒரு இடத்துல வந்து மாட்டிக்கிட்டா, இல்ல?”

“ஆமாங்க.”

“எம் பொண்ணு போன வாரம் அறுபத்தேழு. இவ்வளவு நாளா உங்க பொண்ணுக்குப் பின்னாடி வந்துட்டு இருந்தவ, திடீர்னு பாத்தா முன்னாடி போறா. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.”

ஒரு மாதிரி ஆகிவிட்டது என்று சொன்ன அந்த முகத்தில் எந்த மாதிரியும் தெரியவில்லை.

தையற்காரியின் மகளுக்குப் பதினான்கு வயது. பன்னிரண்டு வயதில் நூறு மீட்டரை எண்பது விநாடியில் நீந்தினாள். அதன் பிறகு மாதத்துக்கு ஒரு விநாடி, அரை விநாடி என்று குறைந்துகொண்டே வந்தது. தையற்காரிக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைக்கு ஒரு பொத்தான் வைக்கக் கடைக்கு வருகிறவர்கூட அவள் மகளின் நேரத்தைத் தெரிந்துகொண்டுதான் திரும்பிப் போக வேண்டும். அறுபத்தெட்டில் வந்து அது நின்றுவிட்டது. ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது.

வேண்டியது அறுபத்தாறு. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களில் அறுபத்தாறுக்குள் நீந்துகிறவர்களை விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொள்வார்கள். தங்க இடம், படிப்பு, பெரிய குளம் எல்லாம் அங்கே கிடைக்கும். அடுத்த ஆண்டு மகளுக்கு வயது தாண்டிவிடும். இருப்பது ஒரே ஒரு தேர்வு, ஐந்தே மாதத்தில். குறைய வேண்டியது இரண்டே இரண்டு விநாடி. ஊசியில் நூல் கோர்க்கவே அதைவிட அதிக நேரம் ஆகுமே என்று தையற்காரி மாய்ந்து போனாள்.

அன்று கோச்சை வாசலில் மடக்கினாள்.

“சார், எம் பிள்ளைக்கு என்ன சார் ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலைம்மா. ஒரே வருஷத்துல மளமளன்னு வளந்துட்டா. கை காலெல்லாம் நீண்டுபோச்சு. அந்த நீளத்தை வச்சு எப்படி நீந்தறதுன்னு உடம்பு புதுசாப் பழகணும். ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். இந்த வயசுல நிறையப் பிள்ளைங்களுக்கு இப்படி நிக்கும். நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க, தூங்கச் சொல்லுங்க. நாம பொறுமையா இருப்போம்.”

“அஞ்சு மாசத்துல செலக்‌ஷன் சார்.”

“அது நம்ம கையில இல்லம்மா.”

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. தையற்காரிக்குக் கேட்டதோ கடைசி வாக்கியம் மட்டும். மகளைக் கைகழுவிவிட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த நாள்தான் பேங்க்காரம்மா அந்தப் போட்டி உடையைப் பற்றிச் சொன்னாள். வெளியூரிலிருந்து வரவழைத்ததாம். உடம்போடு உடம்பாக ஒட்டிக்கொள்ளுமாம். போட்டுக்கொள்ளவே இருபது நிமிஷம் பிடிக்குமாம்.

“இறுக்கமா இருந்தா தண்ணி உள்ள புகாது பாருங்க. வழுக்கிட்டுப் போகும். அதுலயே ஒரு விநாடி மிச்சம்.”

அப்படி ஒன்றை வாங்கத் தையற்காரிக்கு வழியில்லை. ஆனால் இறுக்குவது அவளுடைய தொழில். பதினெட்டு வருஷமாக ஊரார் துணியைப் பிடிப்பதும் பிரிப்பதுமாகப் பிழைக்கிறவள். மகளின் பழைய நீச்சல் உடையை எடுத்தாள். இரண்டு பக்கத் தையலிலும் அரை விரல் உள்ளே பிடித்துத் தைத்தாள். இழுபடுகிற துணிக்குக் கோணல் தையல் போட வேண்டும், நேர்த்தையல் போட்டால் துணி இழுபடாது, ஆளைக் கவ்விப் பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் முதல் தடவை கோணல் தையல்தான் போட்டாள்.

அந்த வாரம் மகள் அறுபத்தேழு புள்ளி ஒன்பது நீந்தினாள்.

அது அந்தத் தையலால் வந்ததா, முந்தின நாள் பயிற்சி இல்லாமல் நன்றாகத் தூங்கியதால் வந்ததா, யாருக்குத் தெரியும்? தையற்காரிக்குத் தெரிந்துவிட்டது. பெஞ்சில் நடு இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். கேட்காதவர்களுக்கும் சொன்னாள். “உங்களுக்குக் கைராசிங்க,” என்று அதே பெஞ்சில் உட்காரும் டீச்சரம்மா தன் மகளின் உடையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு இன்னும் இருவர். வெளியூர் உடை வைத்திருந்த பேங்க்காரம்மாகூட, அது போட்டிக்கு மட்டும்தான் என்று சொல்லி, பயிற்சி உடையைப் பையில் சுருட்டிக் கொடுத்தனுப்பினாள். தன் மகளின் நேரத்தைச் சொல்லவே கூசிய பெஞ்சில் தையற்காரிக்கு இப்போது ஒரு மதிப்பு வந்துவிட்டது.

மூன்றே வாரத்தில் மகளின் நேரம் திரும்பவும் அறுபத்தெட்டுக்கு வந்தது. பிறகு அறுபத்தொன்பது.

தையற்காரி இன்னும் அரை விரல் பிடித்தாள். கோணல் தையல் நெகிழ்ந்துகொடுக்கிறது என்று, இந்தத் தடவை நைலான் நூலில் நேர்த்தையல் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் மகளை நிற்கவைத்து, தோளுக்கும் விலாவுக்கும் இடுப்புக்கும் நாடா பிடித்து, கடையின் அளவு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதினாள். எண் கூடியிருந்தால் முகம் மாறும்.

“மறுபடியும் கூடியிருக்குடி.”

“வளர்றேம்மா.”

“உடம்பு போடுறே. அதான் தண்ணியில இழுக்குது.”

முதலில் மகளின் தட்டிலிருந்து முட்டை போனது. பிறகு பால் போனது. ராத்திரிச் சாப்பாடு பாதியாயிற்று. மகள் இருந்ததைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். பள்ளிக்கூடத்தில் வகுப்பில் தூங்கிவிழுகிறாள் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். காலையில் பயிற்சிக்கு எழுந்தால் அப்படித்தான் இருக்கும் என்று தையற்காரி பதில் சொல்லி அனுப்பினாள்.

அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர். பத்து நாளைக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார். வந்ததும் மகளைத் தேடுவார். “எங்கேம்மா என் வாத்து?” என்பது அவர் வழக்கம். அந்தத் தடவை மகள் எதிரே வந்து நின்றபோது வாத்து என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

“என்ன இது, கன்னமெல்லாம் ஒட்டிப்போய்க் கிடக்கு? ஏம்மா, இவளுக்குச் சோறு போடுறியா, இல்ல வேடிக்கை காட்டுறியா?”

“செலக்‌ஷனுக்கு ஒரு மாசம்தான் இருக்கு. கொஞ்சம் கட்டுப்பாடா இருக்கோம்.”

“பதினாலு வயசுப் பிள்ளை. வளர்ற நேரம்.”

“வளர்றதுக்கு இப்பத்தானா இவளுக்கு நேரம் கிடைச்சுது?” தையற்காரி சீறினாள். “செலக்‌ஷன் முடியட்டும். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் வளரட்டும்.”

சொன்ன பிறகு அவளுக்கே அது எங்கேயோ இடித்தது. கணவர் சிரிக்கவில்லை. மகள் மட்டும் லேசாகச் சிரித்து, “சரிம்மா,” என்றாள். அது வேடிக்கைக்குச் சொன்ன சரி இல்லை என்று அங்கே யாருக்கும் புரியவில்லை.

தேர்வு நாள் வந்தது. முந்தின நாள் மதியம் தையற்காரி கடைசியாக ஒரு பிடி பிடித்து, இரட்டைத் தையல் போட்டிருந்தாள். உடை மாற்றும் அறையில் மகளுக்கு அதைப் போட்டுவிட முப்பது நிமிஷம் ஆயிற்று. தோள்பட்டியை மேலே இழுத்துவிட்டபோது மகள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“அம்மா, முழுசா மூச்சு இழுக்க வரலை.”

“பதற்றமா இருந்தா அப்படித்தான் இருக்கும்.”

“இல்லம்மா, நெஜமாவே…”

“ஒரு நிமிஷம்டி! ஒரே ஒரு நிமிஷம். எனக்காக அதைப் பொறுத்துக்க மாட்டியா?”

மகள் தாயின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்பது மாதத் தூக்கமின்மை இருந்தது. அவள் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

நான்காவது லேன். விசில் ஊதியதும் ஆறு பேரும் பாய்ந்தார்கள். முதல் ஐம்பது மீட்டருக்கு மகள் இரண்டாவதாகப் போனாள். தையற்காரி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். பேங்க்காரம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, “உக்காருங்க, மறைக்குது,” என்றாள். சுவரைத் தொட்டுத் திரும்பிய பிறகு ஏதோ மாறிப்போயிற்று. எப்போதும் நான்கு வீச்சுக்கு ஒரு மூச்சு எடுக்கிறவள், இரண்டு வீச்சுக்கு ஒன்று எடுத்தாள். பிறகு ஒவ்வொரு வீச்சுக்கும் தலை மேலே வந்தது. மூன்றாவதானாள், ஐந்தாவதானாள்.

“இழுடீ! இழு! இன்னும் கொஞ்சம்தான்!” தையற்காரி தொண்டை கிழியக் கத்தினாள்.

எழுபத்தைந்து மீட்டர் தாண்டிய இடத்தில் மகளின் கை மிதவைக் கயிற்றைத் தேடியது. பிடித்தது. பிறகு அதுவும் நழுவியது. நீலத் தொப்பி தண்ணீருக்குள் போய்விட்டு வந்தது. மறுபடி போனது, வரவில்லை.

குளக்காவலுக்கு நின்ற பெண் குதித்ததையும் கோச் ஓடியதையும் தையற்காரி பார்த்தாள். பிறகு எப்படி ஓடினாள், எத்தனை பேரைத் தள்ளினாள் என்று அவளுக்கு நினைவில்லை. ஈரத் தரையில் மகள் கிடந்தாள். உதடு கருநீலமாக இருந்தது. இருமினாள், தண்ணீர் வந்தது. அதன் பிறகும் மூச்சு பாதி வழியில் நின்று நின்று திரும்பியது.

“நெஞ்சு விரியவே இல்லையே! இந்தத் துணியை முதல்ல தளத்துங்க!” என்றாள் காவல் பெண். விரலை உள்ளே விடப் பார்த்தாள், நகம்கூட நுழையவில்லை. “என்ன தையல் இது? எவன் தச்சான் இதை?”

தையற்காரி பையைக் கவிழ்த்தாள். நூல் வெட்டும் சின்னக் கத்தரி உருண்டு விழுந்தது. காவல் பெண் ஒரு துண்டைப் போர்த்திப் பிடித்துக்கொள்ள, தையற்காரி பக்கத் தையலைத் தடவிக் கண்டுபிடித்து வெட்டினாள். இரட்டைத் தையல். நைலான் நூல். பிரியக் கூடாது என்றே போட்ட தையல், பிரிய மறுத்தது. ஒரு விரல், இரண்டு விரல், ஒரு சாண் என்று அது பிளந்துகொண்டு போகப் போக, மகளின் நெஞ்சு முதல் தடவையாக முழுசாக மேலெழுந்தது.

வெட்டிய இடத்தில் விலா நெடுகத் தையலின் தடம் பதிந்திருந்தது. ஒவ்வொரு புள்ளியும் எண்ணிவிடலாம்போல் இருந்தது. அதன் கீழே காய்ந்துபோன ஒரு தடம். அதற்கும் கீழே, தழும்பாகிப்போன இன்னொன்று.

மகள் கண்ணைத் திறந்து தாயைப் பார்த்தாள்.

“எத்தனைம்மா வந்துச்சு?” என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்வியில் தையற்காரி உடைந்துபோனாள். ஈரத் தரையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

மருத்துவமனையில் டாக்டர் எடை பார்த்தார். என்ன சாப்பிடுகிறாய் என்று மகளிடம் கேட்டார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்றும் கேட்டார். மூன்று மாதமாக வரவில்லை என்றாள் மகள். பயிற்சிக்கு ஒரு தொந்தரவு குறைந்தது என்று நினைத்துக்கொண்டாளாம். தையற்காரி சுவரைப் பார்த்தாள். மகளின் இடுப்பை அரைக்கால் அங்குலம் பிசகாமல் நோட்டில் எழுதி வைத்திருக்கிறவளுக்கு இது தெரியாது.

“சாப்பாடு பத்தலைன்னா உடம்பு ஒவ்வொண்ணா நிறுத்திக்கிட்டே வரும்மா,” என்றார் டாக்டர். “முதல்ல மாசக் கணக்கை நிறுத்தும். அப்புறம் எலும்பு பலம் போகும். வேகம் மட்டும் எங்கிருந்து வரும்? ரெண்டு மாசம் தண்ணிப் பக்கமே போகக் கூடாது. நல்லாச் சாப்பிடட்டும். அப்புறம் பாப்போம்.”

“அப்புறம் நீந்துவாளா டாக்டர்?”

“அவ ஆசைப்பட்டா நீந்தட்டும். இப்ப அவ பொழைச்சதைப் பாருங்க.”

வீட்டுக்கு வந்த பிறகு தையற்காரி மகளின் கட்டிலோரம் உட்கார்ந்தாள். கேட்க நினைத்ததைக் கேட்கச் சாயங்காலம் வரை ஆயிற்று.

“இவ்வளவு வலியை வச்சுக்கிட்டு ஏன்டி என்கிட்ட சொல்லலை? நான் என்ன பேயா?”

மகள் போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“சொன்னா நீ அளவெடுக்க மாட்டியேம்மா.”

“அளவெடுக்கறதுல என்னடி இருக்கு?”

“நேரம் நின்னதுலேர்ந்து நீ என்கிட்ட சரியாப் பேசறதே இல்ல. குளத்துலேர்ந்து வர்ற வழியெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டு வருவே. ஞாயித்துக்கிழமை அளவெடுக்கறப்ப மட்டும்தான் கிட்ட வந்து தொடுவே.” அவள் குரல் இறங்கிவிட்டது. “அதுவும் போயிடும்னு பயமா இருந்துச்சு.”

மகளை இழுத்து அணைக்கப் போனவள், விலாவில் பட்டுவிடுமோ என்று பாதியில் கையை நிறுத்திக்கொண்டாள். தலையை மட்டும் தடவினாள். விடுதி போயிற்று. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். தண்ணீரைக் கண்டால் இவள் இனி நடுங்குவாளோ என்னவோ. எல்லாம் போனதில் எது தன் கையால் போனது என்று மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

நாலாம் நாள் காலையில் அவள் தனியாகக் குளத்துக்குப் போனாள். பெஞ்சில் வழக்கம்போல் எல்லாரும் இருந்தார்கள். பேச்சு சட்டென்று நின்றது.

“வாங்க வாங்க,” என்று பேங்க்காரம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். “பாப்பா எப்படி இருக்கா? ஐயோ பாவம், நான் ராத்திரியெல்லாம் தூங்கலை. கண்ணு பட்டிருக்கும்.” ஒரு நொடி விட்டு, தையற்காரி ஏற்கெனவே பிடித்துக் கொடுத்த பயிற்சி உடையைப் பையிலிருந்து எடுத்தாள். “நீங்களே வந்தது நல்லதாப் போச்சு. எம் பொண்ணுக்கும் ஒரு மாசமா அறுபத்தேழுலயே நிக்குது. அடுத்த வாரம் மாவட்டப் போட்டி. ரொம்ப வேணாம், இந்தப் பக்கம் ஒரு அரை விரல்…”

தையற்காரி அதை வாங்கவில்லை.

“இனிமே பிடிக்க மாட்டேங்க. பிரிக்க வந்திருக்கேன். நான் தச்சுக் கொடுத்தது எல்லாத்தையும் எடுங்க, இங்கயே உக்காந்து பிரிச்சுக் கொடுத்துட்டுப் போறேன்.”

“அதெப்படி?” பேங்க்காரம்மாவின் குரல் கூர்மையாயிற்று. “உங்க பொண்ணு தோத்துட்டா. அதுக்காக எங்க பொண்ணுங்களும் தோக்கணுமா? நீங்க அளவு தெரியாம இறுக்கினா யார் என்ன செய்றது?”

தையற்காரியின் முகம் சிவந்தது. சண்டைக்குப் போகவில்லை. பயிற்சி முடித்துத் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்த பேங்க்காரம்மாவின் மகளைப் பார்த்து, “கண்ணு, உனக்கு மூச்சு நல்லா வருதா?” என்று கேட்டாள்.

அந்தப் பெண் முதலில் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். என்ன சொன்னால் திட்டு விழாது என்று தேடுகிற அந்தப் பார்வையைத் தையற்காரி தன் வீட்டில் ஒன்பது மாதம் பார்த்திருக்கிறாள், பார்த்தும் படிக்கவில்லை.

“சொல்லும்மா,” என்றாள்.

“பழகிடுச்சு ஆன்ட்டி,” என்றாள் அந்தப் பெண். துண்டு சற்று விலகியது. அக்குளுக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு, ஊசிப் புள்ளி வைத்தாற்போல் வரிசையாக இருந்தது.

பேங்க்காரம்மா அதைப் பார்த்தாள். டீச்சரம்மா தன் மகளைத் தேடி எழுந்து நின்றாள்.

“அம்மா, நானும் உங்களை மாதிரிதான் இந்த பெஞ்சுல உக்காந்திருந்தேன்,” என்றாள் தையற்காரி. “என் கடைக்கு எத்தனையோ பேர் வர்றாங்க. துணி பத்தலைன்னா துணியைத்தான் பிரிச்சு விடுவேன். உடம்பைக் குறைச்சுட்டு வாங்கன்னு ஒருத்தரையும் திருப்பி அனுப்புனதில்ல. ஊர்ல யாருக்கும் செய்யாத கொடுமையை, நான் பெத்த பிள்ளைக்குச் செஞ்சேன். அவ நேரம் நின்னுபோனது ஒரு குத்தமே இல்ல. வளர்ற பிள்ளைக்கு அது வரும், போகும். அந்த நேரத்துல அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு தட்டுச் சோறும், பக்கத்துல உக்காந்து பேச ஒரு தாயும்தான். பிள்ளை வேகமா நீந்தலைன்னா குடும்பம் ஒண்ணும் மூழ்கிடாது. எவ்வளவு நீந்தினா அம்மாவுக்குப் பிடிக்கும்னு ஒரு பிள்ளை கணக்குப் போட ஆரம்பிச்சா, அங்கதான் அது மூழ்குது. எம் பிள்ளையை இழுத்துக் கரையில போட ஆள் இருந்துச்சு. எல்லாப் பிள்ளைக்கும் இருக்காது.”

குளத்தில் அடுத்த குழுவுக்கு விசில் ஊதினார்கள்.

பேங்க்காரம்மா கையிலிருந்த உடையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு அதைத் தையற்காரியிடம் நீட்டினாள். “பிரிச்சுடுங்க,” என்றாள். மகளைக் கிட்டே இழுத்து, துண்டைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டு, எத்தனை மாதத்துக்குப் பிறகோ நேரத்தைப் பற்றி இல்லாத ஒரு கேள்வியை அவளிடம் கேட்டாள்:

“பசிக்குதாடா?”